கார் நிறுத்தத்தில் தப்பிய கஸ், ஹெக்டரின் அறையில் சிக்கியது எப்படி? ‘பிரேக்கிங் பேட்’ ரசிகர்களின் தீராத விவாதம்

(ஸ்பாய்லர் எச்சரிக்கை: ‘பிரேக்கிங் பேட்’, ‘பெட்டர் கால் சால்’ ஆகிய இரண்டு தொடர்களின் முக்கியத் திருப்பங்களும் இந்தக் கட்டுரையில் உள்ளன.)

முதியோர் இல்லம் ஒன்றின் சிறிய அறை. சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர். பேச முடியாது, நடக்க முடியாது. கை விரலை மட்டும் அசைக்க முடியும். அந்த விரலுக்கு எட்டும் இடத்தில், ஹோட்டல் வரவேற்பறைகளில் இருக்குமே, அது மாதிரி ஒரு மணி. எதிரே கோட், டை கலையாமல் அமர்ந்திருக்கிறார் இன்னொருவர். அவர் வந்திருப்பது விஷ ஊசி போட்டு அந்தப் பெரியவரைக் கொல்ல.

கொல்வதற்கு முன்பு அவர் கேட்பது ஒன்றைத்தான்: கடைசியாக ஒரு முறை என்னை நிமிர்ந்து பார்.

பெரியவர் பார்க்கிறார். முதலில் தளர்ந்து தெரியும் அந்தப் பார்வை சில நொடிகளில் கொதிப்பாக மாறுகிறது. விரல் மணியை விடாமல் அடிக்கத் தொடங்குகிறது. எதிரே இருப்பவருக்கு விஷயம் புரிகிறபோது நேரம் கடந்துவிட்டது. நாற்காலியில் கட்டியிருந்த குண்டு வெடிக்கிறது.

2011 அக்டோபர் 9 அன்று ஒளிபரப்பான ‘பிரேக்கிங் பேட்’ நான்காவது சீசனின் கடைசி எபிசோட் இது. தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனே எழுதி இயக்கியது. பெயர் ‘ஃபேஸ் ஆஃப்’. நேருக்கு நேர் மோதல் என்று ஒரு பொருள். முகம் கழன்று போவது என்று இன்னொரு பொருள். இரண்டுமே அந்த அறையில் நடக்கின்றன.

தொடர் 2013-லேயே முடிந்துவிட்டது. ஆனால் புதிதாக யார் பார்த்து முடித்தாலும் இந்தக் காட்சியில் வந்து நிற்கிறார்கள். கேள்வியும் மாறுவதில்லை. “அவ்வளவு உஷாரான ஆளு, இதுல எப்படிங்க மாட்டினாரு?”

யார் இந்த இருவர்?

நாற்காலியில் இருப்பவர் ஹெக்டர் சலமாங்கா. மெக்சிகோ போதைப்பொருள் கும்பல் ஒன்றில் ஒரு காலத்தில் எல்லோரையும் நடுங்க வைத்தவர். நடித்தவர் மார்க் மார்கோலிஸ். எதிரே இருப்பவர் கஸ் ஃப்ரிங். வெளியுலகத்துக்கு அவர் ‘லோஸ் போயோஸ் எர்மானோஸ்’ என்ற சிக்கன் உணவகங்களின் முதலாளி. வாடிக்கையாளரிடம் அன்பாகப் பேசுபவர். உள்ளே, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் பெரிய போதைப்பொருள் சாம்ராஜ்யம் நடத்துபவர். நடித்தவர் ஜியான்கார்லோ எஸ்பொசிட்டோ.

பகை எங்கே ஆரம்பித்தது? சுமார் 20 ஆண்டுகளுக்கு முன்பு, மெக்சிகோவில் ஒரு நீச்சல் குளத்தின் ஓரம். கஸ்ஸும் அவருடைய கூட்டாளி மேக்ஸும் கும்பல் தலைவர் டான் எலாடியோவிடம் தொழில் பேசப் போகிறார்கள். பேச்சின் நடுவே ஹெக்டர் மேக்ஸைத் தலையில் சுட்டுக் கொல்கிறார். கஸ்ஸைத் தரையோடு அழுத்திப் பிடித்து, நண்பனின் ரத்தம் குளத்து நீரில் கலப்பதைப் பார்க்க வைக்கிறார்கள். நான்காவது சீசனின் எட்டாவது எபிசோடான ‘எர்மானோஸ்’ இந்தக் கதையைச் சொல்கிறது.

அன்றிலிருந்து கஸ் காத்திருக்கிறார். அதே சீசனில் பரிசாகக் கொண்டுபோன விஷம் கலந்த டெக்கிலாவைத் தானும் குடித்துக்காட்டி, டான் எலாடியோவையும் அவருடைய ஆட்களையும் ஒட்டுமொத்தமாக முடிக்கிறார். எலாடியோ செத்து விழுவதும் அதே குளத்தில்தான். பிறகு ஹெக்டரைத் தேடிப் போய், பேரன் உட்பட எல்லோரும் செத்துவிட்டார்கள், சலமாங்கா என்ற பெயர் உன்னோடு முடிகிறது என்கிறார். அப்போதும் என்னைப் பார் என்கிறார். ஹெக்டர் பார்க்கவில்லை.

பொறியை வைத்தது யார்?

தொடரின் நாயகன் வால்டர் வைட். புற்றுநோய் வந்த வேதியியல் ஆசிரியர், கஸ்ஸிடம் போதைப்பொருள் தயாரிப்பவர் ஆகிறார். இருவருக்கும் முட்டிக்கொள்கிறது; யாராவது ஒருவர்தான் மிஞ்ச முடியும் என்ற நிலை. வால்ட் முதலில் கஸ்ஸின் காரில் குண்டு வைக்கிறார். மருத்துவமனை கார் நிறுத்தத்தில் காரை நோக்கி நடந்து வரும் கஸ் பாதி வழியில் நிற்கிறார். சுற்றிலும் பார்க்கிறார். திரும்பிப் போய்விடுகிறார்.

அதன் பிறகுதான் கஸ்ஸுக்கும் ஹெக்டருக்கும் உள்ள பகை வால்ட்டுக்குத் தெரியவருகிறது. ஹெக்டருக்கு வால்ட் மீதும் தீராத கோபம்தான். மருமகன் டூகோவின் சாவுக்கு வால்ட்டும் ஒரு காரணம் என்று நினைப்பவர். ஆனால் என் மேல் இருப்பதைவிட கஸ் மேல் உனக்கு வெறுப்பு அதிகம் என்ற ஒரே கணக்கை நம்பி வால்ட் அவரிடம் போகிறார். எதிரிக்கு எதிரி நண்பன். ஹெக்டர் சம்மதிக்கிறார்.

கஸ்ஸை வரவழைக்க ஒரு நாடகம் வேண்டும். போதைப்பொருள் தடுப்பு அமைப்பான டி.இ.ஏ. அதிகாரிகளைப் பார்க்க வேண்டும் என்று ஹெக்டர் மணியடித்துச் சொல்கிறார். செவிலியர் எழுத்து அட்டையில் ஒவ்வொரு எழுத்தாகக் காட்ட, மணியடித்து வார்த்தை சேர்ப்பதுதான் அவர் பேசும் முறை. அதிகாரிகள் முன்னால் போய் அவர் சேர்த்ததெல்லாம் கெட்ட வார்த்தைகள். அவர்கள் எரிச்சலோடு அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் கஸ்ஸின் ஆட்களின் கண்ணில் பட்டது ஒன்றுதான்: ஹெக்டர் டி.இ.ஏ. அலுவலகம் போய் வந்திருக்கிறார்.

“இது லாஜிக் ஓட்டை” என்கிறது ஒரு தரப்பு

ரசிகர்களில் ஒரு சாராரின் புகார் நேரடியானது. கார் நிறுத்தத்தில் எதையும் பார்க்காமலே ஆபத்தை மோப்பம் பிடித்த மனிதர், அடுத்த எபிசோடிலேயே எதிரியின் நாற்காலிக்கு அடியில் இருப்பதைக் கவனிக்க மாட்டாரா? முதல் காட்சி மிகை, இல்லாவிட்டால் இரண்டாவது காட்சி பலவீனம் என்பது அவர்கள் வாதம்.

இன்னொரு கேள்வி கூடுதல் கூர்மையானது. ஹெக்டர் போலீஸிடம் பேசும் ரகமே இல்லை. இரண்டாவது சீசனில் டூகோ கொல்லப்பட்ட பிறகு இதே அதிகாரிகள் அவரை விசாரித்தார்கள். பதில் சொல்வதற்குப் பதிலாக உட்கார்ந்த இடத்திலேயே மலம் கழித்து அவர்களை அவமானப்படுத்தினார். எதிரியைக்கூடப் போலீஸிடம் காட்டிக் கொடுக்க மாட்டேன் என்பது அவருடைய கௌரவம். அப்படிப்பட்டவர் திடீரென்று டி.இ.ஏ. வாசலில் நின்றால், கஸ்ஸுக்குச் சந்தேகம் வர வேண்டாமா?

அறையைச் சோதிக்கவில்லையா என்றும் கேட்கிறார்கள். சோதித்தார்கள். கஸ்ஸின் ஆள் டைரஸ் முன்கூட்டியே கருவியோடு போய்ப் பார்க்கிறார். ஆனால் அவர் தேடியது ஒட்டுக்கேட்கும் மைக்கை. ஹெக்டர் உளவாளி ஆகிவிட்டார் என்ற சந்தேகத்தோடு போனவர் உளவாளியின் அறையில் எது இருக்குமோ அதைத்தான் தேடுவார். மணியோடு கம்பியில் இணைத்த குண்டு அந்தச் சோதனையில் வராது.

“ஓட்டை கஸ்ஸிடம்” என்கிறது மறுதரப்பு

இதைப் பலமுறை பார்த்தவர்கள் வேறு இடத்தைத் தொட்டுக் காட்டுகிறார்கள். கார் நிறுத்தத்தில் இருந்தது தொழில் செய்யும் கஸ். சற்று முன்புதான் ஜெஸ்ஸி பிங்க்மேன், தனக்கு நெருக்கமான சிறுவனுக்கு யாரோ விஷம் வைத்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். கணக்கு எங்கோ இடிக்கிறது என்று யோசித்துக்கொண்டே நடந்தவருக்குக் கால் தானாக நின்றது. அங்கே உணர்ச்சி இல்லை, மூளை மட்டும் வேலை செய்தது.

முதியோர் இல்லத்துக்குப் போனது மேக்ஸின் நண்பனான கஸ். நானே முடித்துவிடுகிறேன் என்று டைரஸ் சொன்னபோதும், நான்தான் செய்வேன் என்று ஊசியைத் தன் கையில் எடுத்துக்கொண்டவர். வேறு யார் விஷயமாக இருந்தாலும் கஸ் ஆளை அனுப்பியிருப்பார். ஹெக்டரின் சாவை மட்டும் அவரால் இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க முடியவில்லை.

ஹெக்டர் போலீஸிடம் பேசுவார் என்று கஸ் நம்பியதற்கும் இவர்களிடம் பதில் உண்டு. குடும்பத்தில் யாரும் மிச்சமில்லை என்று ஹெக்டரிடம் சொன்னது கஸ்தான். இழக்க ஒன்றுமில்லாதவன் கௌரவத்தையும் விட்டுவிடுவான் என்று அவர் கணக்குப் போட்டார். அது பாதிக் கணக்கு. இழக்க ஒன்றுமில்லாதவன் உயிரையும் விட்டுவிடுவான் என்ற மீதிப் பாதியை அவர் போடவே இல்லை.

‘பெட்டர் கால் சால்’ மாற்றிய பார்வை

2015 முதல் 2022 வரை வந்த முன்கதைத் தொடர் இந்தக் காட்சிக்குப் புது எடை கொடுத்தது. ஹெக்டர் நாற்காலிக்கு வந்த கதை அதில்தான் வருகிறது. நாச்சோ என்ற ஆள் இதய மாத்திரைகளை மாற்றி வைக்கிறார். ஹெக்டர் சுருண்டு விழுகிறார். அப்போது முதலுதவி செய்து உயிரைப் பிடித்து நிறுத்துவது யார் தெரியுமா? கஸ்.

அதோடு விடவில்லை. தன் செலவில் தேர்ந்த மருத்துவரை வரவழைக்கிறார். ஹெக்டரின் புத்தி முழுதாகத் திரும்பிவிட்டது, உடம்பு மட்டும் திரும்பவில்லை என்று தெரிந்ததும் சிகிச்சையை நிறுத்திவிடுகிறார். எல்லாம் புரியும், எதுவும் செய்ய முடியாது. ஹெக்டருக்காக கஸ் கட்டிய சிறை அது. சாவு அவருக்குச் சின்ன தண்டனை என்பது கஸ்ஸின் எண்ணம்.

அந்த மணியும் இங்கேதான் வருகிறது. ஹெக்டர் ஒரு காலத்தில் எரித்த ஹோட்டலின் மணியை, நினைவுப் பொருளாக மருமகன் லாலோ கொண்டுவந்து கொடுக்கிறார். பிறகு லாலோவை கஸ் கொன்றுவிட, எலாடியோவின் முன்னால் ஹெக்டர் அதே மணியை அடித்து உண்மையைச் சொல்கிறார். யாரும் நம்பவில்லை. கஸ் அசையாமல் நிற்க, கிழவரின் மணிச்சத்தம் மட்டும் அடங்காமல் கேட்கிறது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு மறுபடி ‘ஃபேஸ் ஆஃப்’ பார்த்தால் கதையின் கணக்கே வேறாகத் தெரிகிறது. முன்பு மணி உண்மை சொன்னது, ஒருவரும் கேட்கவில்லை. டி.இ.ஏ. அலுவலகத்தில் அது வெறும் கெட்ட வார்த்தை சொன்னது, கஸ் அதை நம்பி வந்தார். குண்டை வைத்தவர் வால்ட்தான். ஆனால் அதை வெடிக்கத் தேவையான உயிரையும் தெளிவான மூளையையும் காப்பாற்றி வைத்தவர் கஸ்.

“பார்” என்ற சொல்லின் விலை

இந்தச் சந்திப்பில் ரசிகர்கள் ஒன்றுபடும் இடம் ஒன்று உண்டு. கஸ் கேட்டது எப்போதும் ஹெக்டரின் பார்வையைத்தான். நீ செய்ததற்கு நான் திருப்பிச் செய்தேன் என்பதை அவர் கண்ணைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஹெக்டரிடம் மிச்சமிருந்த ஒரே ஆயுதம் அதைத் தராமல் இருப்பது. ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டே அவர் ஜெயித்தார்.

கடைசி நாளில் அவர் பார்த்தபோது, தான் ஜெயித்துவிட்டதாக கஸ் ஒரு நொடி நினைத்திருக்கலாம். அந்த ஒரு நொடிதான் ஹெக்டருக்குத் தேவைப்பட்டது.

வெடித்த பிறகு கஸ் அறையை விட்டு நடந்தே வெளியே வருகிறார். கை தானாக டையைச் சரி செய்கிறது. தப்பிவிட்டார் என்று பார்ப்பவர் நினைக்கும்போதே கேமரா சுற்றி வருகிறது. முகத்தின் ஒரு பாதி இல்லை. அப்புறம்தான் விழுகிறார். “இது சாத்தியமா?” என்பது இன்றும் ஓடும் தனி விவாதம். மிகைதான் என்பவர்களும், வாழ்க்கை முழுக்கத் தோற்றத்தைக் கலையாமல் காத்தவரின் கடைசிப் பழக்கம் அது என்பவர்களும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஜெயித்தது யார்?

இருவருமே செத்தார்கள். மனைவியிடம் போனில், ஜெயித்துவிட்டேன் என்று சொன்னவர் வால்ட். ஆனால் எபிசோட் அங்கே முடியவில்லை. கடைசி ஷாட்டில் வால்ட்டின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு விஷச்செடி தெரிகிறது. சிறுவனுக்கு விஷம் வைத்தது யார் என்பது அப்போதுதான் பார்வையாளருக்குப் புரிகிறது. ஹெக்டருக்கும் கஸ்ஸுக்கும் இடையே 20 ஆண்டுகள் எரிந்த நெருப்பில் குளிர்காய்ந்தவர் அவர்தான்.

இந்த சீசனுக்காக எஸ்பொசிட்டோ, மார்கோலிஸ் இருவரும் 2012 எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள். விருது இருவருக்குமே கிடைக்கவில்லை. மார்கோலிஸ் 2023 ஆகஸ்டில், 83 வயதில் காலமானார். வசனமே இல்லாமல், கண்ணையும் ஒரு விரலையும் வைத்து அவர் நடித்த அந்தச் சில நிமிடங்களை ரசிகர்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். ஹெக்டர் நிமிர்ந்து பார்க்கும் இடம் வரும்போது, முடிவு தெரிந்தவர்களுக்கும் ஒரு எண்ணம் வரத்தான் செய்கிறது: இப்போதாவது கஸ் எழுந்து போய்விட மாட்டாரா?