வயிற்றுவலி என்று வரும் மாணவர்: கொரோனாவும் குழந்தைகளின் குடலும்

முதல் பாடவேளையில் ஒரு மாணவி எழுந்து வந்து, "டீச்சர், வயிறு வலிக்குது" என்கிறாள். காலையில் சாப்பிடவில்லையோ, வீட்டுப்பாடம் முடிக்கவில்லையோ, நேற்று பள்ளி வாசலில் வாங்கித் தின்ற மாங்காயோ என்றுதான் நம் மனம் முதலில் போகும். பெரும்பாலான நாட்களில் அந்தக் கணிப்பு சரியாகவும் இருக்கும். கொரோனாவாக இருக்கலாம் என்று தோன்றாது. இருமல், சளி, மூச்சுத்திணறல் ஆகியவைதான் அந்த நோயின் அடையாளம் என்று 2020 முதல் பழகிவிட்டோம். ஆனால் சில குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, பசியின்மை ஆகியவையே முதல் அறிகுறிகள். சிலருக்கு அவற்றைத் தவிர வேறு அறிகுறியே இராது.

நுரையீரல் நோய் வயிற்றுக்கு எப்படி வருகிறது? கொரோனா வைரஸ் நம் செல்களின் மேலுள்ள ஏ.சி.இ.2 என்ற ஏற்பியைப் பற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. உயர்வகுப்பு அறிவியல் ஆசிரியர்கள் நொதிகளுக்குச் சொல்லும் பூட்டு–சாவி உவமை இதற்கும் பொருந்தும். இந்தப் பூட்டு மூச்சுப்பாதையில் மட்டும் இல்லை; சிறுகுடலின் உட்சுவரில் மிக அதிகமாக இருக்கிறது. புரதம் செரித்துக் கிடைக்கும் அமினோ அமிலங்களை உறிஞ்ச உதவுவது அங்கே அதன் அன்றாட வேலை. ஆகவே வைரஸ் குடல் செல்களுக்குள்ளும் புகுந்து பெருக முடியும்.

சீனாவின் குவாங்சௌ நகரில் 2020 தொடக்கத்தில் தொற்று கண்ட 10 குழந்தைகளை மருத்துவர்கள் கவனித்தனர். மூக்கு மாதிரியில் வைரஸ் மறைந்த பின்னும் 8 பேரின் மலக்குடல் மாதிரியில் அதன் மரபுப்பொருள் தொடர்ந்து தென்பட்டது. மரபுப்பொருள் தென்படுவதால் மட்டுமே அது பிறருக்குத் தொற்றும் என்று ஆகாது. இந்நோய் பெரிதும் மூச்சு வழியாகவே பரவுகிறது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளுக்கான அறிகுறிப் பட்டியலில் சேர வேண்டும் என்று பெல்பாஸ்ட் ஆய்வாளர்கள் 2020இலேயே கூறினர். பிரிட்டன் அரசின் பட்டியலில் அவை சேர்ந்ததோ 2022 ஏப்ரலில்தான்.

அறிகுறியை மட்டும் வைத்து இது கொரோனா, இது ரோட்டா வைரஸ், இது கெட்டுப்போன உணவு என்று வகுப்பறையில் பிரித்தறிய நம்மால் முடியாது, தேவையும் இல்லை. காரணம் எதுவானாலும் உடனடி ஆபத்து ஒன்றே: நீரிழப்பு. வாய் உலர்ந்திருக்கிறதா, கண் உள்வாங்கியிருக்கிறதா, காலையிலிருந்து சிறுநீர் கழித்தாளா என்று பாருங்கள். பள்ளியில் உள்ள உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கரைக்கும் முன் அதன் மேலுள்ள அளவைப் படியுங்கள். பெரிய பொட்டலம் 1 லிட்டர் தண்ணீருக்கு உரியது. சிறியது 200 மி.லி.க்கு. பெரிய பொட்டலத்தை ஒரே டம்ளரில் கொட்டிக் கலக்குவது நல்லெண்ணத்தில் நடக்கும் தவறு. உப்பு மிகுந்துபோன கரைசல் கெடுதலே செய்யும். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, பிறகு கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். கலக்கிய கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். குளிர்பானம் இதற்கு மாற்று ஆகாது. பேதியை நிறுத்தும் மாத்திரையை யார் பரிந்துரைத்தாலும் மருத்துவரைக் கேட்காமல் தரக் கூடாது.

இன்னொரு வயிற்றுவலி உண்டு. அரிதானது, ஆனால் அதில் தாமதம் கூடாது. தொற்று வந்துபோய் 2 முதல் 6 வாரங்களுக்குப் பிறகு சில குழந்தைகளுக்கு உடலின் பல உறுப்புகளில் ஒரே நேரத்தில் அழற்சி ஏற்படுகிறது. எம்.ஐ.எஸ்.–சி. எனப்படும் இந்நிலையைப் பற்றி 2020 ஏப்ரலில் பிரிட்டன் மருத்துவர்கள் எச்சரித்தனர். விடாத காய்ச்சலோடு கடும் வயிற்றுவலியும் வாந்தியும் வருவதால், குடல்வால் அழற்சி என்று கருதி அறுவைக்கே கொண்டுபோகப்பட்ட குழந்தைகளும் உண்டு. கண் சிவத்தல், தோலில் தடிப்பு, உதடு சிவந்து வெடித்தல், கை கால் வீக்கம் ஆகியவை உடன் வரலாம். இதயமும் பாதிக்கப்படலாம். முதலில் வந்த தொற்று அறிகுறியே இல்லாமல் போயிருக்கக்கூடும் என்பதால், "எங்க பிள்ளைக்குக் கொரோனா வரவேயில்லையே" என்று பெற்றோர் உறுதியாகச் சொல்வார்கள். காலத்தோடு சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகள் குணமடைகிறார்கள்.

எனவே சில நாட்களாகக் காய்ச்சலும் அதோடு வயிற்றுவலியும் இருந்தால், சோர்ந்து துவண்டால், குடித்ததெல்லாம் வாந்தியானால், மலத்தில் இரத்தம் தெரிந்தால் பெற்றோருக்குத் தெரிவித்து அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். மயக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால் 108 ஐ அழையுங்கள்.

வாந்தியும் பேதியும் நின்று 48 மணி நேரம் கழித்து மாணவி பள்ளிக்குத் திரும்பலாம். திரும்பிய முதல் சில நாட்கள் பாடத்தின் நடுவே கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டால், காரணம் கேட்காமல் அனுப்பிவிடுங்கள். அங்கே தண்ணீரும் சோப்பும் இருக்கிறதா என்பதையும் ஒருமுறை நாமே போய்ப் பார்த்துவிடலாம்.