கேதார்காந்தா போகிறீர்களா? 'ஒண்ணுமில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள்!

டிசம்பர் பிறந்தால் டேராடூன் ரயில் நிலைய வாசலில் தமிழ்க் குரல்கள் கேட்கத் தொடங்கிவிடும். முதுகில் பெரிய பை, காலில் புத்தம்புது ஷூ, ஆபீஸிலிருந்து கூட்டாகக் கிளம்பிய நாலைந்து நண்பர்கள். 'எங்கே?' என்று கேட்டால் பலரும் சொல்லும் பெயர் கேதார்காந்தா. உத்தரகாசி மாவட்டத்தில் 3,810 மீட்டர் உயரச் சிகரம். குளிர்காலத் தொடக்கத்திலேயே பனியில் நடக்கலாம், முதல்முறை மலையேறுபவரும் போகலாம் என்பதுதான் அதற்கு இத்தனை மவுசு.

முசூரி, புரோலா, மோரி வழியாக ஒரு முழுப் பகல் வண்டியில் குலுங்கினால் சாங்க்ரி கிராமம். அங்கிருந்து பைன், ஓக் மரங்களுக்கு நடுவே ஏற்றம். முதல் நாள் முடிவில் ஜூடா கா தாலாப் என்ற ஏரி வரும். கடுங்குளிர் பிடித்துவிட்டால் நீர்ப்பரப்பு உறைந்து கிடக்கும். கரையோரம் வெள்ளை, நடுவே சாம்பல் நிறம். அந்தச் சாம்பல் நிறத்துக்கு அடியில் பனிக்கட்டி எவ்வளவு கெட்டி என்று கண்ணால் சொல்ல முடியாது. அதனால்தான் வழிகாட்டிகள் அதன்மேல் கால் வைக்க விடுவதில்லை.

இந்தப் பாதையில் எனக்குக் கவலை தருவது பனி அல்ல, உயரம். தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரமாகிய தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். அங்கும் வண்டியில் போய் வந்துவிடுகிறோம். கேதார்காந்தா அதைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயரம். சிகரத்தில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, முந்தைய இரவு தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் அடுத்த இரவு தூங்கக்கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. லீவு கணக்கோ வேறு.

உயர நோய் தலைவலியில் ஆரம்பிக்கும். பிறகு குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை. இதைக் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் கூடப் போகிறவர்கள். ஆனால் அவர்களிடம்தான் எல்லாரும் இதை மறைக்கிறார்கள்!

நான் போயிருந்தபோது, இரண்டாம் நாள் முகாமில், பக்கத்துக் கூடாரத்துப் பையன் பருப்பும் சோறும் இருந்த தட்டைத் தொடவே இல்லை. நெற்றியில் தைல வாசனை. "என்ன தம்பி, சாப்பிடலையா?" என்றேன். "ஒண்ணுமில்லண்ணே, லேசா தலைவலி. இவங்ககிட்ட சொல்லிடாதீங்க, என்னால ட்ரிப் கெட்டுடும்" என்றான். அவன் மலைக்குப் பயப்படவில்லை, நண்பர்களின் முகம் வாடுமே என்றுதான் பயந்தான். நான் போய் வழிகாட்டியிடம் சொன்னேன். விடிந்ததும் ஒரு உதவியாளர் அவனைக் கீழே அழைத்துப் போனார். நண்பர்களில் ஒருவரும் கூடப் போகவில்லை என்பது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

தலைவலி மாத்திரை வலியை அடக்கும், உயர நோயை அடக்காது. வலி இருக்கும்போது மேலே ஏறாமல் அங்கேயே தங்க வேண்டும். வலி கூடினால் இறங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, குடித்தவர்போல நடை தள்ளாடுகிறது என்றால் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. முதல் மருந்து இறக்கம்தான். சில நூறு மீட்டர் இறங்கினாலே உடம்பு தேறத் தொடங்கும். 'விரலில் ஆக்சிஜன் மீட்டர் மாட்டிப் பார்க்கிறார்களே, பிறகென்ன?' என்று சிலர் கேட்கிறார்கள். அது இருப்பது நல்லதுதான். ஆனால் விறைத்துப்போன விரலில் அது தப்பாகவும் காட்டும். நண்பன் சாப்பிட்டானா, வழக்கம்போலப் பேசுகிறானா என்று பார்க்க உங்கள் கண் வேண்டும்.

சிகர நாளில் விடிவதற்கு வெகு முன்பே புறப்பாடு. தலைவிளக்கு வெளிச்சத்தில், ரப்பர் பட்டையை இழுத்து ஷூவின்மேல் இரும்பு முள் சங்கிலியை மாட்ட வேண்டும். கையுறையோடு மாட்ட வராது. கழற்றினால் விரல் மரத்துவிடும். பக்கத்தில் இருப்பவர் மாட்டிவிட்டால் ஒரே நிமிட வேலை. பகல் முழுக்க மிதிபட்ட பனி இரவில் இறுகிக் கிடப்பதால் இந்த முள் இல்லாமல் கால் நிற்காது. பனியன், ஜீன்ஸ் போன்ற பருத்தித் துணி வேண்டாம். வியர்வையை உறிஞ்சிக்கொண்டு உடம்புச் சூட்டை இழுத்துவிடும்.

மேலே ஏறியதும் ஸ்வர்காரோகிணி, பந்தர்பூஞ்ச் சிகரங்கள் காலை வெயிலில் பொன்னாக நிற்கும். அதைப் பார்க்க எத்தனை தூரமும் போகலாம், சந்தேகமில்லை. ஆனால் வேகமாக நடப்பவர்கள் முதலில் போய்ப் படமெடுத்துக்கொண்டிருக்க, குழுவில் ஒருவர் பின்னால் இருட்டில் தனியாக மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பது கூட்டாகப் போவதே ஆகாது. யார் மெதுவோ அவர் வேகம்தான் குழுவின் வேகம்.

இந்த டிசம்பரில் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிக்கெட் போடும் முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள்: யாருக்காவது முடியாமல் போனால் அவரோடு இறங்கப்போவது யார்? அந்தப் பெயர் முடிவானபிறகு பணம் கட்டுங்கள்.