எடையோடு ஒரு யுத்தம் – 17: திரும்பி வரும் கிலோக்கள்

2005 ஆகஸ்டில் அர்ஜென்டினா தொலைக்காட்சியில் ‘லா நோச்சே டெல் 10’ என்ற நிகழ்ச்சி தொடங்கியது. நடத்தியவர் டியாகோ மரடோனா. முதல் நாள் விருந்தாளி பெலே. இருவரும் பந்தைக் கீழே விடாமல் தலையால் மாற்றி மாற்றித் தட்டினார்கள். அதே ஆண்டு மார்ச்சில்தான் கொலம்பியாவின் கார்த்தஹேனா நகரில் மரடோனாவுக்கு இரைப்பை பைபாஸ் நடந்திருந்தது. மேடையில் நின்றவர் அடையாளமே தெரியாத அளவுக்கு இளைத்திருந்தார்.

பத்து ஆண்டுகள் கழித்து, 2015 நவம்பரில், வெனிசுவேலாவின் மரக்காய்போவில் அவர் மறுபடியும் அறுவை மேஜையில் படுத்தார். இரைப்பை பைபாஸ், இரண்டாவது முறை. இடைப்பட்ட காலத்தில் எடை ஏறியிருந்தது.

பைபாஸ் என்பது இரைப்பையைச் சிறு பையாக்கி, அதைச் சிறுகுடலோடு இணைக்கும் எடைக் குறைப்பு அறுவை.  ஏறிய எடையை இறக்கும் வழியை இந்த வாரம் சொல்வதாகப் பேச்சு. ஆனால், ஸ்வீடனில் ஒரு நிறுத்தம் போடாமல் அங்கே போக முடியாது.

அங்கே கோத்தன்பர்க்கில் லார்ஸ் ஸ்யோஸ்த்ரோம் 1987-இல் எடைக் குறைப்பு அறுவையைப் பற்றி ஒரு ஆய்வைத் தொடங்கினார். 25 அறுவை சிகிச்சைத் துறைகள், 480 ஆரம்ப சுகாதார மையங்கள். அறுவை செய்துகொண்டவர்கள் 2,010 பேர், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்கள் 2,037 பேர். யாருக்கு அறுவை, யாருக்கு இல்லை என்று குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்க நெறிமுறைக் குழுக்கள் சம்மதிக்கவில்லை. இந்த அறுவையில் அன்றைக்கு உயிர்ச்சேதம் அதிகம். அதனால் அறுவை செய்துகொள்பவர்களுக்கு இணையான ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கணினியிடம் கொடுத்தார்கள். வயது, உயரம், இடுப்புச் சுற்றளவு, கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம், சர்க்கரை நோய், குணவியல்புகள் என்று மொத்தம் 18 விவரங்கள். இரு குழுக்களின் சராசரியும் முடிந்தவரை ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒருவருக்கு அறுவை நடக்கும் தேதிதான் அவருக்கு இணையாக எடுக்கப்பட்டவருக்கும் ஆய்வின் முதல் நாள். இப்படி ஆள் சேர்த்து முடிக்கவே 2001 ஜனவரி ஆகிவிட்டது. எடைக் குறைப்பு அறுவையைப் பற்றி இன்று உறுதியாகச் சொல்லப்படும் பலவற்றுக்கும் இந்தப் பொறுமைதான் அஸ்திவாரம்.

அந்த ஆய்வு வரைந்த கோட்டைப் பாருங்கள். பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவிகித எடையை இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 25 சதவிகிதமாகக் குறைந்தது. 120 கிலோ இருந்தவர் 82-க்கு இறங்கி, பிறகு மெல்ல 90-க்கு வந்து நிற்கிறார் என்று கணக்கு. இரைப்பையில் வளையம் மாட்டிக்கொண்டவர்களுக்கு 20 சதவிகிதம் 14 ஆயிற்று. எந்த முறையானாலும் கோடு விழுகிறது, கொஞ்சம் ஏறுகிறது, பிறகு சமநிலைக்கு வருகிறது. அறுவை இல்லாதவர்களின் சராசரி எடையோ அத்தனை ஆண்டுகளிலும் 2 சதவிகிதத்துக்கு மேல் மாறவில்லை.

கொஞ்சம் ஏறியும் பலன் அழிந்துவிடவில்லை. சராசரியாக 11 ஆண்டுகள் கவனித்து 2007-இல் வெளியிட்ட கணக்கில், அறுவை செய்துகொண்டவர்களில் 101 பேர், மற்றவர்களில் 129 பேர் இறந்திருந்தார்கள்.

ஐந்தாம் ஆண்டில் ஏழெட்டுக் கிலோ கூடியவர் இந்தக் கோட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ‘லட்சக்கணக்கில் செலவழித்தும் வாயைக் கட்டத் தெரியவில்லையே’ என்ற பேச்சுக்குக் கூசித்தான் பலரும் டாக்டரிடம் போவதை நிறுத்துகிறார்கள். ஏழு கிலோ இருபது ஆவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

ஏன் ஏறுகிறது? இளைத்த உடலுக்கு முன்பு செலவான கலோரி தேவைப்படாது. அதே சாப்பாடு இப்போது மிச்சமாகும். இரைப்பைப் பையையும் சிறுகுடலையும் இணைத்த வாய் சிலருக்கு அகன்றுவிடும். உணவு தங்காமல் இறங்கும். ஆரம்பத்தில் இனிப்புத் தின்றால் வியர்த்துப் படபடக்கும், அதற்குப் பயந்தே கை வைக்க மாட்டார்கள். நாளாக ஆகப் பலருக்கு அந்தப் படபடப்பும் தணிந்துவிடுகிறது. கோழிக்கறி நாலு துண்டு தின்றால் நெஞ்சு வரை நிறைகிறது. சிப்ஸும் பிஸ்கட்டும் ஐஸ்கிரீமும் வழுக்கிக்கொண்டு போகின்றன. டிவி முன்னால் உட்கார்ந்து மாலை முழுக்கக் கொறித்தால் ஒரு பாக்கெட் காலியாவது தெரியாது.

வாழ்க்கையும் குறுக்கே வரும். அமெரிக்காவின் என்பிசி வானிலை அறிவிப்பாளர் அல் ரோக்கர், எடையைக் குறைப்பதாக மரணப் படுக்கையில் இருந்த தந்தைக்கு வாக்குக் கொடுத்து, 2002-இல் பைபாஸ் செய்துகொண்டார். 45 கிலோவுக்கு மேல் குறைந்தது. பின்னாளில் தாயார் நோயில் விழ, அந்த நாட்களில் 18 கிலோ திரும்ப ஏறியது. மறுபடி குறைத்து, அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். தந்தையின் சாவில் பிறந்த உறுதி தாயின் நோயில் தளர்ந்ததை அவர் மறைக்கவில்லை.

சரி, மீளும் வழி. முதல் வேலை, பட்டினி கிடக்காமல் அறுவை செய்த டாக்டரிடம் போவது. தைராய்டு, பி12, இரும்புச்சத்துப் பரிசோதனைகள். சாப்பிடும் மாத்திரைகளையும் எடுத்துப்போக வேண்டும். இன்சுலின், ஸ்டீராய்டு, மன அழுத்த மருந்துகளில் சில எடையை ஏற்றும். தட்டில் புரதத்துக்கு முதலிடம், நாளுக்கு 60 முதல் 80 கிராம். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். கொறிப்பதை நிறுத்தி, வேளைக்குச் சாப்பிட வேண்டும். மது கூடாது: பைபாஸுக்குப் பிறகு அது வேகமாக ரத்தத்தில் ஏறும், அடிமையாகும் ஆபத்தும் கூடும். வாரம் ஒருமுறை எடை பார்ப்பது நல்லது. இரண்டு கிலோ கூடியதுமே தெரிந்தால் டாக்டருக்கும் வேலை சுலபம்.

இத்தனைக்கும் இறங்காவிட்டால்? அகன்ற வாயை, வயிற்றைக் கிழிக்காமல் எண்டோஸ்கோப் வழியாகவே தைத்துச் சிறிதாக்கும் முறை இருக்கிறது. பசியைக் குறைக்கும் செமாக்ளுடைட் போன்ற ஊசிகளும் வந்துவிட்டன. அந்த வகையில் முதலில் விற்பனைக்கு வந்த மருந்து, கிலா என்ற அமெரிக்கப் பாலைவன விஷப்பல்லியிடமிருந்து கிடைத்தது. பல்லிக்கும் பசிக்கும் என்ன சம்பந்தம் என்பது அடுத்த வாரம்.