கொடைக்கானல் போட்டோவுக்கு ஃப்ரேம் போடப் போறீங்களா? ஒரிஜினல் படம் கெடாமல் செய்வது எப்படி?

கோக்கர்ஸ் வாக்கில் பனி விலகும் அந்த ரெண்டு நிமிஷத்துக்காகக் காத்திருந்து குடும்பத்தோட ஒரு போட்டோ எடுத்தாச்சு. ஊருக்கு வந்ததும் சுற்றிலும் ரோஜாப்பூ ஃப்ரேம், கீழே 'கொடைக்கானல் டூர்' என்று எழுத்து. ஸ்டேட்டஸும் வெச்சாச்சு.

ஒரு வருஷம் கழிச்சு அதே படத்தை பிரின்ட் போட்டு வீட்டில் மாட்டலாம் என்று தேடினால், ஓரத்தில் நின்ற பாட்டியின் பாதி முகத்தில் ரோஜாப்பூ. ஃப்ரேம் இல்லாத படம் போனில் இல்லவே இல்லை!

ஃப்ரேம் போடுவதில் தப்பில்லை. அதைப் படத்தின் மேல் போடுகிறோமா, வெளியே போடுகிறோமா என்பதில்தான் விஷயமே இருக்கு.

டிஜிட்டல் ஃப்ரேம் என்பது என்ன?

பூ, கொடி, வேல், மயில் போட்ட அலங்கார ஃப்ரேம்கள் பெரும்பாலும் பிஎன்ஜி வகை ஃபைல்கள். நடுப்பகுதி கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும்படி இருக்கும். அதைப் போட்டோ மேல் வைத்தால் நடுவில் நம்ம படம் தெரியும், ஓரத்தில் அலங்காரம் தெரியும். ஜேபெக் ஃபைலில் இப்படி ஒளி ஊடுருவும் பகுதி வைக்க முடியாது. அதனால்தான் ஜேபெக்காக டவுன்லோடு செய்த ஃப்ரேமை வைத்தால் படம் மொத்தமும் மறைந்துவிடுகிறது.

ஃப்ரேம் எவ்வளவு படத்தைச் சாப்பிடும்?

12 மெகாபிக்சல் போட்டோ சுமார் 4000 x 3000 பிக்சல் இருக்கும். நாலு பக்கமும் 10 சதவீதம் ஃப்ரேம் மறைத்தால், மிச்சம் தெரிவது 3200 x 2400 மட்டுமே. பார்க்க மெல்லிய ஃப்ரேம்தான், ஆனால் படத்தில் 36 சதவீதம் காலி! பில்லர் ராக்ஸ் பின்னணியில் எடுத்த படம் என்றால், மூணு பாறைத் தூண்களில் ஒன்று பூவுக்குள் போய்விடலாம்.

போனில் செய்வது எப்படி?

1. முதலில் போட்டோவை ஒரு காப்பி எடுங்க. இனி வேலை எல்லாம் காப்பியில்தான்.

2. கூகுளின் இலவச ஆப் ஸ்னாப்சீடில் அதைத் திறந்து, டூல்ஸ் பகுதியில் 'எக்ஸ்பேண்ட்' தேர்வு செய்யுங்க.

3. அதில் ஸ்மார்ட், ஒயிட், பிளாக் என மூணு வழி இருக்கும். வெள்ளை அல்லது கறுப்பைத் தேர்வு செய்து ஓரங்களை வெளியே இழுங்க. படம் முழுசாக இருக்க, சுற்றிலும் பார்டர் வரும்.

'ஸ்மார்ட்' வேண்டாம். அது பள்ளத்தாக்கையும் மரத்தையும் தானாகவே நீட்டி வரைந்துவிடும். நீங்கள் பார்க்காத மலை உங்கள் படத்தில் முளைக்கும்.

கம்ப்யூட்டரில் செய்வது எப்படி?

ஜிம்ப் என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். சாதாரண பார்டர் மட்டும் போதும் என்றால், ஃபில்டர்ஸ் மெனுவில் டெகோர் போய் 'ஆட் பார்டர்' கொடுங்க. அலங்கார ஃப்ரேம் வேண்டும் என்றால், இமேஜ் மெனுவில் 'கேன்வாஸ் சைஸ்' திறந்து அளவைக் கூட்டி, படத்தை நடுவில் வைத்து, பின்னால் ஒரு நிறம் கொடுங்க. பிறகு ஃபைல் மெனுவில் 'ஓப்பன் அஸ் லேயர்ஸ்' வழியாக பிஎன்ஜி ஃப்ரேமைக் கொண்டுவந்து அளவு சரிசெய்யுங்க.

கடைசியில் 'எக்ஸ்போர்ட் அஸ்' கொடுத்து புதுப் பெயர் வையுங்க. பக்கத்திலேயே 'ஓவர்ரைட்' என்று ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் ஒரிஜினல் போச்சு.

பிரின்ட் போடும்போது ஃப்ரேம் வெட்டுப்படுவது ஏன்?

போன் போட்டோ பொதுவாக 4:3 வடிவம். ஸ்டூடியோவில் போடும் 6 x 4 அங்குல பிரின்ட் 3:2 வடிவம். பேப்பரை நிரப்பும்போது மேலேயும் கீழேயும் வெட்டுப்படும். ஃப்ரேமும் சேர்ந்து போகும்.

இதுக்கு ஒரு வழி இருக்கு. 4000 x 3000 படத்துக்கு கேன்வாஸை 4800 x 3200 ஆக வையுங்க. இது சரியாக 3:2. மேலும் கீழும் 100 பிக்சல், இடமும் வலமும் 400 பிக்சல் கிடைக்கும். பூ, ஊர் பெயர், தேதி எல்லாம் அந்த ரெண்டு பக்கத்திலேயே அடங்கிவிடும்.

படத்தை ஸ்டூடியோவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்க. போட்டோவாக அனுப்பினால் தரம் குறையும். ஆனால் டாக்குமென்டில், எடுத்த இடத்தின் லொக்கேஷன் விவரமும் சேர்ந்தே போகலாம். தெரிந்தவர்களுக்கு மட்டும் அனுப்புவது நல்லது.

எந்த ஃப்ரேம் பொருந்தும்?

கொடைக்கானல் என்றதும் குறிஞ்சிப்பூ ஃப்ரேம் தேடுபவர்கள் உண்டு. நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறை பூப்பது. 2006, 2018-க்குப் பிறகு அடுத்தது 2030-ல் எதிர்பார்க்கப்படுகிறது. இடைப்பட்ட வருஷத்துப் படத்துக்குக் குறிஞ்சி போட்டால், கீழே தேதியையும் போடுங்க. நாளைக்கு பேரப்பிள்ளைகள் பார்த்துக் குழம்பக் கூடாது.

பழனியிலும் இதே கதைதான். மலைக்கோயிலுக்குள் செல்போன், கேமரா கொண்டுபோக 2023 அக்டோபர் 1 முதல் தடை. அதனால் அடிவாரத்தில் எடுத்த படத்துக்குத்தான் பலரும் முருகன் ஃப்ரேம் போடுகிறார்கள். மூலவர் படம் உள்ள ஃப்ரேம் போட்டால் சன்னதியிலேயே எடுத்த மாதிரி தோன்றும். வேலும் மயிலும் போதும், 'பழனி அடிவாரம்' என்ற வரியோடு.

ஆப் விஷயத்தில் உஷார்!

2019 ஜனவரியில் ட்ரெண்ட் மைக்ரோ என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம், கூகுள் பிளே ஸ்டோரில் இருந்த 29 அழகு கேமரா, போட்டோ ஆப்களைப் பற்றி எச்சரித்தது. ஆபாச விளம்பரம் காட்டியவையும், அழகாக்கித் தருவதாகச் சொல்லி வாங்கிய படங்களைத் தங்கள் சர்வருக்குக் கொண்டுபோனவையும் அதில் இருந்தன. பிறகு கூகுள் அவற்றை நீக்கியது.

ஒரு ஃப்ரேம் ஆப்புக்கு உங்கள் போட்டோ போதும். கான்டாக்ட்ஸ், எஸ்எம்எஸ், மைக் அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்க. போட்டோ அனுமதியையும் 'தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும்' என்று கொடுப்பதே பாதுகாப்பு.

எல்லாம் முடிந்ததும் கேலரியைத் திறந்து ஒருமுறை பாருங்க. ஃப்ரேம் போட்ட படம் ஒன்று, போடாத படம் ஒன்று. ரெண்டும் இருந்தால் மட்டும் ஸ்டேட்டஸ் வையுங்க. ஃப்ரேமை எப்ப வேணும்னாலும் மாற்றலாம், பாட்டியோடு நின்ற அந்த நாளை மறுபடி எடுக்க முடியாது.