மாம்பழக் கூழைப் போத்தலில் அடைத்துப் பேணல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கறுத்தக்கொழும்பான் மரங்கள் பெரும்பாலும் ஒரே காலத்தில் பழுக்கின்றன. அக்காலத்தில் சந்தைகளில் பழம் குவிந்து விலை வீழ்கின்றது; காம்பழுகற் பழங்கள் கூடையின் அடியிலேயே வீணாகின்றன. சில மாதங்கள் கழிந்தபின் அதே வீட்டார் ஒரு பழத்துக்குக் கொடுக்கும் விலையை நாம் சொல்ல வேண்டியதில்லை. பனம்பழத்தைப் பனாட்டாக்கிப் பேணும் வழக்கமுள்ள நம்மவர்க்கு மாம்பழத்தைப் பேணுவதும் அரிய செயலன்று. ஆயினும் அடைத்த போத்தலுக்குரிய விதிகள் வேறு. அவற்றுள் ஒன்றைத் தவறவிடின் உயிருக்கே கேடு நேரலாம்.

குளிர்நாடுகளிலே தோட்டத்து அப்பிளைக் கூழாக்கிப் போத்தலில் அடைத்துப் பேணுவர். அம்முறையே இங்கும் கையாளப்படுகின்றது. வேறுபாடு ஒன்று உண்டு. அப்பிள் இயல்பாகவே போதிய புளிப்புடையது. மாம்பழமோ கனியக் கனியப் புளிப்பை இழந்து இனிப்பை அடைகின்றது. காற்றுப்புகாத போத்தலினுள், புளிப்புக் குறைந்த உணவிலே, குளொஸ்திரிடியம் பொட்டுலினம் என்னும் பற்றீரியம் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும். அதன் வித்திகள் கொதிநீரில் இறப்பதில்லை. நஞ்சுண்டான உணவு நிறத்திலும் மணத்திலும் மாறுபடாதிருத்தலும் கூடும். உணவின் பீ.எச். பெறுமானம் 4.6இலும் குறைவாயிருப்பின் மாத்திரமே அவ்வித்திகள் முளைக்கமாட்டா. நன்கு கனிந்த மாம்பழம் இவ்வெல்லையைத் தாண்டிவிடக்கூடும். ஆகையாற் கூழிற் புளிப்புச் சேர்ப்பது சுவைக்காக அன்று, காவலுக்காகவே ஆகும். "சீனி போட்டாற் கெடாதுதானே" என்று பலர் வினவுவர். ஜாமில் உள்ளதுபோல் மிகுந்த சீனியே உணவைக் காக்கும். கூழுக்கு இடும் சிறிதளவு சீனி காக்கமாட்டாது.

பழத்தைக் கொக்கத்தடியால் வீழ்த்தாது, வலைப்பை கட்டிய தடியாற் காம்புடன் பறித்துக் காம்பைக் கீழ்நோக்கி வைத்துப் பாலை வடியவிடுக. அப்பால் சிலருக்குத் தோலிற் கொப்புளம் உண்டாக்கும். காபைட்டுக் கல் வைத்துப் பழுக்கச் செய்த பழம் இதற்கு உதவாது. அது வெளியே மஞ்சளாயினும் மணமற்றது. வாடிக் குழைந்ததையும் தவிர்த்து, பழுத்தும் சற்று இறுக்கமாயுள்ளதையே தெரிவு செய்க. பழ ஈ குத்திய பழத்தில் நல்ல பகுதியை வெட்டியெடுத்துச் சேர்க்கும் சிக்கனம் வேண்டாம்.

பழங்களைக் கழுவித் தோல் சீவிச் சதையை எவர்சில்வர் அரிதட்டில் அகப்பையினால் அழுத்தி வடித்தெடுக்க வேண்டும். கறுத்தக்கொழும்பானில் நார் குறைவாதலின் வேலை எளிது. நார் மிகுந்த இனங்களை இருமுறை வடித்தல் நன்று. 10 கிலோகிராம் பழத்திலிருந்து ஏறக்குறைய 5 கிலோகிராம் கூழ் பெறலாம். ஒவ்வொரு கிலோகிராம் கூழுக்கும் 200 கிராம் சீனியும், 5 கிராம், அதாவது மட்டமான ஒரு தேக்கரண்டி, சித்திரிக்கமிலமும் சேர்க்க வேண்டும். தேசிக்காய்ச் சாற்றை நம்பியிருத்தல் தகாது. ஒரு காயின் புளிப்பு மற்றொன்றின் புளிப்பை ஒவ்வாது. செம்பு, பித்தளைப் பாத்திரங்களைப் புளிப்பு அரிக்குமாதலால் எவர்சில்வர்ச் சட்டியையே பயன்படுத்துக.

கூழை மெல்லிய நெருப்பில் இடைவிடாது கிளறி, 93 பாகை செல்சியஸ் வரை சூடாக்குக. தடித்த கூழ் கொதிக்கும்போது வெடித்துத் தெறிக்கும்; நீண்ட பிடியுள்ள அகப்பை வேண்டும், சிறுவரை அடுப்பருகில் விடலாகாது.

கால் லீற்றருக்கு மேற்படாத கண்ணாடிப் போத்தல்களையே கொள்க. பெரிய போத்தலின் நடுப்பகுதிக்கு இங்கு கூறிய நேரத்தில் வெப்பம் சென்றடையாது. போத்தலைப் பலமுறை பயன்படுத்தலாம்; மூடியோ ஒவ்வொரு முறையும் புதிதாயிருத்தல் வேண்டும், ஏனெனில் அதன் உட்புற வளையம் ஒருமுறை அழுந்தியபின் சரிவர இறுகாது. சுடுநீரிற் சூடாக்கிய போத்தலில் சூடான கூழை நிரப்பி, வாயின் கீழ் 6 மில்லிமீற்றர் வெற்றிடம் விடுக. மெல்லிய மூங்கிற் சீவலைச் செலுத்தி வளிக்குமிழிகளை அகற்றி, விளிம்பைச் சுத்தமான துணியால் துடைத்து மூடுக. விளிம்பில் ஒட்டிய சிறு கூழ்த்துளி போதும், காற்று உட்புகுவதற்கு.

பின்னர் ஆழமான பாத்திரத்தின் அடியில் மடித்த துணியிட்டு, அதன்மேற் போத்தல்களை நிறுத்தி, மூடிக்கு மேல் இரண்டரைச் சென்ரிமீற்றர் நிற்குமாறு சுடுநீர் வார்த்துக் கொதிக்கவிடுக. நீர் கொதிக்கத் தொடங்கிய பின்னரே நேரத்தைக் கணக்கிட வேண்டும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போன்ற தாழ்நிலங்களில் 15 நிமிடம் போதும். உயரம் கூடக் கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்குமாதலால் 300 மீற்றருக்கு மேற்பட்ட இடங்களில் 20 நிமிடமும், நுவரெலியா போன்று 1,830 மீற்றருக்கு மேற்பட்ட இடங்களில் 25 நிமிடமும் வேண்டும். எடுத்த போத்தலைச் சீமெந்துத் தரையில் வைத்தால் வெடிக்கும். மரப்பலகையில் துணி விரித்து வைத்து ஆறவிடுக.

மறுநாள் மூடியின் நடுவை விரலால் அழுத்திப் பார்க்க. உட்குழிந்து அசையாதிருந்தால் நன்கு இறுகியுள்ளது. மேலெழும்பும் மூடியுள்ளதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் உண்டுவிடுக. ஏனையவற்றில் திகதியெழுதி வெளிச்சம் படாத உலர்ந்த இடத்தில் வைத்து ஓராண்டுக்குள் பயன்படுத்துக. மூடி வீங்கியிருந்தாலோ, திறக்கையில் நுரைத்துச் சீறினாலோ நாவில் வைத்துச் சோதியாது, கோழியும் மாடும் கிளறாதவாறு ஆழப் புதைத்துவிடுக.

எஞ்சிய கொட்டைகளை எறிந்துவிடலாகாது. மாங்கொட்டை விரைவில் முளைதிறனை இழக்குமாதலால், கழுவி நிழலில் உலர்த்திச் சில நாட்களுள் நாற்றுமேடையில், வளைந்த முதுகு மேலிருக்குமாறு ஊன்றினால் ஒட்டுக்கட்டைக்கு வேண்டிய கன்றுகள் கிடைக்கும்.