புத்தளம் எந்தப் பக்கம்?

தருவைகுளம் மீனவர்கள் 22 பேர் 2024 ஆகஸ்டில் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டபோது, கற்பிட்டி, புத்தளம் என்ற பெயர்கள் தூத்துக்குடிக் கரையில் கவலையோடு அடிபட்டன. மறு மாதமே இலங்கையில் அதிபர் தேர்தல். அதிலும் புத்தளம் கவனிக்க வேண்டிய மாவட்டம்.

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் முந்துபவருக்கே அநேகமாக அதன் தேர்வாளர் வாக்குகள் முழுவதும் போகும். அதனால்தான் 2000இல் புளோரிடாவின் 537 வாக்குகள் ஜார்ஜ் புஷ்ஷை அதிபராக்கின. இலங்கையில் அந்தக் கணக்கு இல்லை. நாடு முழுக்க விழும் வாக்குகளில் பாதிக்கு மேல் வேண்டும். யாருக்கும் அது கிடைக்காவிட்டால் வாக்காளர்கள் குறித்த இரண்டாம், மூன்றாம் விருப்ப வாக்குகளை எண்ணுவார்கள். ஆகவே மாவட்டத்தை யார் வென்றார் என்பதைவிட, எத்தனை வாக்கில் வென்றார் என்பதே முக்கியம்.

வடக்கைப் பாருங்கள். 2005இல் மகிந்த ராஜபக்ச ரணில் விக்ரமசிங்கவை முந்தியது சுமார் 1.8 லட்சம் வாக்குகளில்தான். ஏழு லட்சம் வாக்காளர்கள் இருந்த யாழ்ப்பாணத்தில், விடுதலைப் புலிகளின் தேர்தல் புறக்கணிப்பால் ஒரு சதவீதத்துக்குச் சற்றே அதிகமானோர்தான் வாக்களித்தார்கள். 2015இல் அங்கே மூன்றில் இரண்டு பேர் வாக்களித்தனர். மைத்திரிபால சிறிசேன மகிந்தவைச் சுமார் 4.5 லட்சம் வாக்குகளில் வென்றார். யாழ்ப்பாணமும், முத்துக்குளிப்புக்குப் பேர்போன மன்னார் அடங்கிய வன்னியும் சேர்ந்தே அவருக்கு 2.8 லட்சத்துக்கு மேல் முன்னிலை தந்தன.

'தமிழர் வாக்குதான் மகிந்தவை வீழ்த்தியது' என்ற பேச்சு அப்படித்தான் பிறந்தது. என் கணிப்பில் அது பாதி உண்மை. 2010இலும் வடக்கு மகிந்தவுக்கு எதிராகவே நின்றது. அவரோ 18 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2019இல் யாழ்ப்பாணம் சஜித் பிரேமதாசவுக்கு 80 சதவீதத்துக்கு மேல் அள்ளிக் கொடுத்தும் கோத்தபய ராஜபக்சவே அதிபரானார். தெற்கு பிளவுபட்டால்தான் வடக்கின் வாக்குக்கு எடை.

அந்தப் பிளவு தெரியும் இடம் புத்தளம். சிங்களர், தமிழர், முஸ்லிம்கள், கத்தோலிக்க மீனவர்கள் எனக் கலந்து வாழும் கரை. 2010இல் மகிந்தவுக்கு அங்கே சுமார் 59 சதவீதம், 2015இல் 49. நாலாயிரத்துச் சொச்சம் வாக்குகளில் மைத்திரி முந்தினார். 2019இல் கோத்தபய, 2024இல் அநுர குமார திசாநாயக்க. நான்கு தேர்தலிலும் புத்தளம் சாய்ந்தவரே அதிபர்.

அடுத்த முறை யாழ்ப்பாண முடிவைப் பார்த்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிடாதீர்கள், புத்தளம் வரட்டும்.