பஞ்சுப் பேலும் லினக்ஸ் கெர்னலும்

ராத்திரி பதினொன்றரை மணி. தூத்துக்குடியில் இன்ஜினீயரிங் படிக்கும் தம்பியிடமிருந்து போன். மறுநாள் அவனுக்கு பிராஜெக்ட் ரிவ்யூ.

"அண்ணே, போர்டு பூட் ஆக மாட்டேங்கு. லினக்ஸ் ஆர்ம்64 இமேஜ் மேஜிக் சரியில்லைன்னு ஒரே ஒரு வரி. என்ன மந்திரம்ணே கேக்குது?"

"கெர்னல் ஃபைல் பேரு கடைசியில ஜி.இசட்னு இருக்கா லே?"

"ஆமாண்ணே. சின்னதா இருந்துச்சு, அதான் அதையே போட்டேன்."

அங்கேதான் மாட்டிக்கொண்டான்!

கெர்னலை கம்பைல் செய்தால் முதலில் வருவது முழு உருவம். பெயர் வி.எம்.லினக்ஸ். டீபக் தகவல்களையும் சேர்த்தால் நூற்றுக்கணக்கான எம்.பி. தேறும். உங்கள் லேப்டாப்பின் பூட் ஃபோல்டரில் இருப்பதோ அதன் ஒல்லித் தம்பி. அதே பெயர், கடைசியில் எக்ஸுக்குப் பதில் இசட். பத்துப் பதினைந்து எம்.பி.தான். சுருக்கப்பட்டது என்பதற்குத்தான் அந்த இசட்.

தூத்துக்குடிக்கு இந்த டெக்னிக் பழசு. 1974-ல் புதுத் துறைமுகம் வருவதற்கு முன்னால், ஆழம் போதாமல் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளித்தான் நிற்கும். கரிசல் காட்டுப் பஞ்சு தோணியில் போய்த்தான் கப்பலேறணும். அப்படியே ஏற்றினால் தோணி முழுக்கக் காற்றுதான் இருக்கும். அதனால் நீராவி பிரஸ்ஸில் வைத்து அமுக்கி, பேல் கட்டி அனுப்பினார்கள். ஆனால் மில்லில் பேலைப் பிரித்தால்தானே நூல் நூற்க முடியும்?

கெர்னலும் அப்படியே. சுருக்கம் பயணத்துக்கு மட்டும். ரேமுக்குள் போனதும் பிரிந்து, முழு சைஸில்தான் ஓடும். 'கம்ப்ரஸ் பண்ணின கெர்னல் போட்டா ரேம் மிச்சம்' என்று ஹாஸ்டலில் யாராவது அளந்தால் நம்பாதீங்க.

சரி, பேலை யார் பிரிப்பது? தம்பி கோட்டை விட்டது இதில்தான். இன்டெல், ஏ.எம்.டி. கம்ப்யூட்டர்களில், சுருக்கிய கெர்னலோடு ஒரு குட்டி புரோகிராமும் சேர்ந்தே வரும். தன்னைத்தானே பிரித்துக்கொள்ளும். கத்தரியையும் சேர்த்துக் கட்டின பேல்! (இந்த வகைக்கு பிஇசட்-இமேஜ் என்று பெயர். அந்த 'பி', பிஜிப் இல்லை, 'பிக்'. வைவாவில் உளறிடாதீங்க.) 64-பிட் ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் சிப்களின் சாதாரண இமேஜில் இந்தக் கத்தரி கிடையாது. பூட்லோடர்தான் பிரித்துத் தரணும். 2018-ல் லினக்ஸை ஓட்டிக் காட்டிய சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' பிராசஸரும் ரிஸ்க்-ஃபைவ் ரகம்தான். தம்பியின் போர்டில் இருந்த பழைய பூட்லோடருக்குப் பிரிக்கவே தெரியாது.

பேசாமல் சுருக்காமலே வைத்துவிட்டால்? 1.44 எம்.பி. ஃப்ளாப்பி காலத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இப்போது பாதையைப் பார்க்கணும். டிஸ்க் மந்தமாக இருந்தால், சின்ன ஃபைலைப் படித்துப் பிரிப்பதே சீக்கிரம் முடியும். டிஸ்க் பறக்கிறது என்றால் பிரிக்கிற நேரம்தான் தண்டம். அதனால்தான் 2019-ல் உபுண்டு 19.10, ஜிஜிப்பை விட்டுவிட்டு எல்.இசட்.4-க்கு மாறியது. ஃபைல் கொஞ்சம் குண்டு. ஆனால் பிரிவது படுவேகம்.

தம்பிக்கு ஒரே ஒரு கமாண்ட் சொன்னேன்: கன்ஜிப். லேப்டாப்பிலேயே பிரித்து, குண்டு ஃபைலை மெமரி கார்டில் போடச் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

பன்னிரண்டேகாலுக்கு வாட்ஸ்அப் கத்தியது.

"பூட் ஆயிருச்சுண்ணே! லாகின் கேக்குது. பாஸ்வேர்டு என்னண்ணே?"